தனியாத்தானுங்க இருக்கேன் மேடம்

தாழ்ப்பாள் போட்டாகிவிட்டதா என்று கோகிலவாணி மறுபடியும் எழுந்துபோய்ப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. முன்பு பார்த்தபோதும் போட்டுத்தான் இருந்தது. இவள் முதுகைத் திருப்பின நேரம் பார்த்துத் தாழ்ப்பாள் தானாக நழுவிக்கொள்ளுமா என்ன, ஆனாலும் இந்த மனசுக்குக் கண்ணால் பார்த்தது பத்துவதில்லை, கையால் தொட்டதும் பத்துவதில்லை. உட்கார்ந்த உடனே, நிஜமாகவே போட்டாயா, நல்லா யோசி என்று ஆரம்பித்துவிடும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, முதுகைக் கதவுக்குக் காட்டிக்கொண்டு, போனைப் பாப்பாவின் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தாள். கதவுக்கு முதுகைக் காட்டுவதற்கும் காரணம் உண்டு. மாமனார் சென்னியப்பனுக்குக் காது மந்தம், வாலிபத்திலிருந்தே ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூல் மிஷினின் சத்தத்துக்குள்ளேயே கிடந்த காது. அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது என்பதால் மில்காரர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிப் பழகினவர்கள். தூரத்தில் நிற்கிறவர் முணுமுணுத்தாலும் மாமா சொல்லிவிடுவார், கல்யாணமான புதிதில் இவள் சமையல்கட்டில் நின்று அவருக்குத் தெரியாமல் திட்டின திட்டை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்தவர். கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, சுவரைத் துளைத்துப் பார்க்கிற கண் அவருக்கு இல்லை. இருந்தாலும் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் ஒரு நிம்மதி. போட்டோமா தாழ்ப்பாளை? போட்டோம்.

போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆலோசகர் விரைவில் இணைவார் என்று அதன் கீழே எழுதியிருந்தது, அதற்கும் கீழே எஸ்தர் ஜெபமணி, உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் என்று பெயரும் பதிவு எண்ணும். உரிமம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலாவுக்குப் பயம்தான் வரும். நல்லதுக்குத்தான் அந்தச் சொல், கண்டவரிடம் போய் மாட்டிக்கொள்ளாமல் படித்துப் பதிந்தவரிடம் பேசுகிறோம் என்று தைரியம் வரத்தான். ஆனால் உரிமம் என்றால் அதைக் கொடுத்த இடம் ஒன்று இருக்கும், கொடுத்த இடம் கேள்வி கேட்கும், கேள்வி கேட்டால் மேடம் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். முதல் நாளே சொன்னார்களே, எவ்வளவு மெதுவான குரலில், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி: நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது கோகிலா, ஒண்ணே ஒண்ணுதான், உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா மட்டும் உங்க வீட்டுல ஒருத்தர்கிட்ட நான் சொல்லவேண்டியிருக்கும். அவசரத்துக்கு ஒரு நம்பர் குடுங்கன்னு கேட்டு வாங்கியும் வைத்துக்கொண்டார்கள், நவநீதனின் நம்பர், கட்டின புருஷனின் நம்பர். இன்னொருத்தர் உயிருக்கு. அந்த இன்னொருத்தர் ஹாலில் தூளியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஆறு மாசம் ஆகிறது, ஆதிரை என்று பெயர், சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

அந்த வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை வாரமாகச் சுற்றி வளைத்துப் பேசியாகிறது. தூக்கம் வரவில்லை மேடம், முதுகுவலி மேடம், பால் சரியாக ஊறவில்லையோ என்று கவலை மேடம். எல்லாம் நிஜம்தான், ஒன்றுகூடப் பொய்யில்லை, ஆனால் வீடு தீப்பிடித்து எரியும்போது திரைச்சீலை கறுத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிற கதை அது. எஸ்தர் மேடமும் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் ஒவ்வொரு முறையும், வேற ஏதாவது சொல்லணும்னு இருக்கா கோகிலா என்று கேட்பார்கள். இல்லீங்க மேடம் என்று இவளும் சொல்வாள். சொன்ன பிறகு போனை அணைத்துவிட்டு அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மேடம் நவநீதனுக்குப் போன் போடுவார்கள். அவன் பம்ப் கம்பெனியில் மிஷின் முன்னால் நிற்பான், போனை எடுத்து ஹலோ என்பான், அப்புறம் அவன் முகம். அந்த முகத்தை மட்டும் நினைக்கக் கூடாது. பாப்பாவை எடுத்துக்கொண்டுபோய் நாத்தனார் வீட்டில் விடுவார்கள், இவளை ஆஸ்பத்திரியில் விடுவார்கள், லிப்டில் ஏறி இறங்குகிற வாயெல்லாம் பேசும். பேப்பரில் எங்கேயோ எவளோ பெற்ற பிள்ளையை என்னவோ செய்தாள் என்று வந்தபோது மூன்றாம் மாடிக்காரி லிப்டில் நின்று சொன்னாளே, இவளெல்லாம் பெத்தவளா என்று. அப்போது கோகிலாவின் தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். கோகிலாவும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த நினைப்பு முதலில் வந்த காலை நல்ல வெயில் காலை. பால்கனியில் பாப்பாவின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் கிளிப். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். கையை விட்டால்? என்று ஒரு கேள்வி வந்தது. யார் கேட்டது? இவள் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை, ஆனால் இவள் குரலில்தான் கேட்டது. உள்ளே ஓடிவந்து பாப்பாவைக் கட்டிலின் நட்டநடுவில் போட்டுவிட்டு, தன் கையை யாருடையதோ கை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். போய்விடும் என்று நினைத்தாள். அது போகிற ஜாதியில்லை. காய் நறுக்கும்போது வந்தது, வெந்நீர் விளாவும்போது வந்தது, தலையணையைத் தட்டிப் போடும்போதுகூட வந்தது. வந்தால் ஒரு காட்சியோடு வரும், காட்சியை இவள் தள்ளத் தள்ள ஒட்டிக்கொள்ளும். பால்கனிக் கதவைப் பூட்டி சாவியைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டுவைத்தாள், புறா வந்து அசிங்கம் பண்ணுதுங்க என்று வீட்டில் சொன்னாள். துணி உள்ளேயே காய்ந்து வீடெல்லாம் முடை நாற்றம் அடித்தது. கத்தியை மேல் அலமாரிக்கு ஏற்றினாள். குளிப்பாட்டுவதை ராத்திரி நவநீதன் வந்த பிறகு என்று மாற்றினாள், அப்பா கையில குளிச்சாத்தான் அவளுக்குப் பிடிக்குது என்று அவனுக்கு ஒரு பெருமையும் கட்டிவிட்டாள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு, பாப்பாவோடு தனியாக இருக்கவே கூடாது. சாயந்திரம் டீக்கடைக்குப் போய் பழைய மில்காரர்களோடு உட்கார்ந்தால்தான் மாமாவுக்கு அன்றைய பொழுது பொழுது. அவர் செருப்பைத் தேடினாலே இவள், பாப்பா உங்களத்தான் தேடறா மாமா என்று ஏதாவது சொல்லி நிறுத்திவிடுவாள். அவரும் என்னைத் தேடறாளா என்று பூரித்து உட்கார்ந்துவிடுவார். பாவம், மாசக்கணக்காக அந்த மனுஷர் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாலில் அவர் இப்போது சாய்வு நாற்காலியில் தூங்குவார். தூளிக்கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, பாப்பா அசைந்தால் கயிறு இழுக்கும், இழுத்தால் முழித்துக்கொள்வார், அது அவர் கண்டுபிடித்த ஏற்பாடு. தூங்குவதற்கு முன் காது மிஷினைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டுவிடுவார். அதனால்தான் கோகிலா இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினாள். புதிதாக வாங்கின மிஷின் அது, விவரமான மிஷின். சத்தம் கூட்டிக் குறைக்க அதைப் போனோடு சேர்க்கவேண்டும் என்று கடையில் சொன்னார்கள். மாமாவுடையது பட்டன் போன், ஆகவே கோகிலாவின் போனோடு புளூடூத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுநாளே, இவள் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கையில் ஹாலிலிருந்து மாமா, அம்மிணி, வெங்காயத்தப் பொன்னெறமா வதக்கோணும்னு ஆரோ எங்காதுக்குள்ள சொல்றாங்க என்று பதறிக்கொண்டு வந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இணைப்பைத் துண்டித்தால் மறுபடி சேர்க்கத் தெரியாமல் கடைக்கு ஓடவேண்டியிருந்தது, அதனால் இப்போதெல்லாம் அதைத் தொடுவதில்லை. அவர் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டால் சத்தம் தானாகப் போனுக்கு வந்துவிடும். இன்றைக்குக் கழற்றினாரா? கழற்றினார், டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா? கேட்டது.

வட்டம் நின்று எஸ்தர் மேடத்தின் முகம் வந்தது. வெள்ளையும் கறுப்புமாகத் தலைமுடி, கழுத்தில் மெல்லிசாகச் சங்கிலி, பின்னால் வழக்கமான ஜன்னல். வணக்கம் கோகிலா, எப்படி இருக்கீங்க, வீட்டுலதான இருக்கீங்க என்றார்கள். ஆமாங்க மேடம். கூட யாராவது இருக்காங்களா? இதை ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், கேட்காமல் ஆரம்பிக்கவே மாட்டார்கள். தனியாத்தானுங்க இருக்கேன் மேடம் என்று கோகிலாவும் ஒவ்வொரு முறையும் சொல்வாள். தனியாக இல்லாதிருக்கத்தான் ஒரு மனுஷரை வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது. போன வாரம் தூக்கம் எப்படி இருந்துச்சு என்று மேடம் கேட்டார்கள், பாப்பா எப்படி இருக்கா என்று கேட்டார்கள். பாப்பா என்ற சொல் வந்ததும் கோகிலா சாய்ந்திருந்த போனைச் சரியாக்கினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மேடம் காத்திருந்தார்கள். காத்திருக்கிறவர்களைப் பார்த்தால்தான் இவளுக்குப் பயம், பேசுகிறவர்களை எப்படியும் சமாளித்துவிடலாம். வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் என்றால் இன்னும் எத்தனை காலை, எத்தனை வெந்நீர், எத்தனை தலையணை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"மேடம், எனக்குப் பாப்பாவப் பாத்தா பயமா இருக்குதுங்க. அவளுக்கு என்னமோ ஆயிருமோன்னு இல்லீங்க மேடம். நானே என்னமாச்சும் பண்ணிப்போடுவனோன்னு. பால்கனிப் பக்கம் போனா, இந்தக் கை அவளத் தூக்கிப் போட்ருமோன்னு நெனப்பு வருதுங்க. எனக்குப் பாப்பான்னா உசுருங்க மேடம். ஆனா நெனப்பு வருது. நிக்கவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டாள். கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. சத்தமே இல்லை. மேடம் வாயடைத்துப் போய்விட்டார்களா? கண்ணைத் திறந்தால் மேடம் பேசிக்கொண்டிருந்தார்கள். உதடு அசைகிறது, குரல் இல்லை. நெட் போய்விட்டதோ, படம் மட்டும் ஓடுகிறதோ. ஓரத்துப் பட்டனை அழுத்தி சத்தத்தைக் கூட்டினாள், கூடினதாகக் கோடு காட்டியது, குரல் வரவில்லை. கேக்கலீங்க மேடம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் நிறுத்தினாள். கேட்டு என்ன செய்யப்போகிறாய்? எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாதவரைக்கும்தான் உனக்கு நல்லது. மாமா பார்க்கிற மாதிரி உதட்டைப் பார்த்தாள். உதடு குவிந்தது. போலீஸ் என்கிறார்களா, போன் என்கிறார்களா. நெற்றி சுருங்கியிருக்கிறது, கோபமா, இரக்கமா. எவ்வளவு நேரமாகப் பேசுகிறார்கள், மன்னிப்பதற்கு இவ்வளவு நேரம் வேண்டுமா, ஒரு வார்த்தை போதாதா, இவ்வளவு பேசினால் அது சட்டமாகத்தான் இருக்கும். கண் ஒரு கணம் பக்கத்தில் எங்கேயோ போய் வந்தது. அந்த நம்பரைத்தான் பார்க்கிறார்கள். ஐயோ, ஏன் சொன்னோம், வாய்க்குள் போன ஈயைக்கூடத் துப்பிவிடலாம், சொன்ன சொல்லை எப்படித் திரும்பப் பிடிப்பது. அப்போது ஹாலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "ஆருங்க?" என்றார். பிறகு யாருக்கோ மரியாதையாக, தணிந்த குரலில், "ம்... சொல்லுங்க" என்றார்.

கோகிலாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாப்பா அசைந்திருக்கிறாள், கயிறு இழுத்திருக்கிறது, பிள்ளையின் குரல் கேட்க மனுஷர் மிஷினை எடுத்து மாட்டியிருக்கிறார். மாட்டின உடனே மேடத்தின் குரல் இங்கிருந்து கிளம்பி அவர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவள் சொன்னதற்கெல்லாம் மேடம் சொல்கிற பதில் அட்சரம் பிசகாமல் அவருக்குக் கேட்கிறது. நவநீதனுக்குப் போன் போடவே தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. அணை, அணைத்துவிடு, போனை எடுத்து அந்தச் சிவப்பை அழுத்து. கை மடியிலேயே கிடந்தது. தானாகப் பாய்ந்து எதையாவது செய்துவிடும் என்று மாசக்கணக்காக இவள் பயந்த கை, இப்போது போ போ என்று கெஞ்சியும் நகரவில்லை. திரையில் மேடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஹாலில் சத்தமில்லை. பேசாத மாமா பேசுகிற மாமாவைவிடப் பயங்கரமாக இருந்தார். தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்குகிறார், கம்பி கிறீச்சிட்டது. மகனுக்குப் போன் போடுவாரா, பிள்ளையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாரா. எடுத்துக்கொண்டு போய்விட்டால்கூட நல்லதுதான், பாப்பா பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு வந்தது, அது வந்ததும்தான் கோகிலாவுக்கு அழுகை வந்தது. காலடி அறைப் பக்கம் வந்தது. நல்லவேளை தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். எத்தனை நேரத்துக்கு?

"அம்மிணி" என்றார் கதவுக்கு வெளியே. அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய்த் திறந்தாள். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார், கழற்ற மறந்ததில் தூளியிலிருந்து அவிழ்ந்து வந்த கயிறு கால் விரலிலிருந்து தரையில் நீளமாகக் கிடந்தது. அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தார்.

"அந்தம்மா பேசறது எனக்குக் கேட்டுப்போச்சு. வேணும்னு கேக்கல கண்ணு. களட்டிப்போடலாம்னுதான் கையக் கொண்டுபோனேன். அதுக்குள்ள பாப்பான்னு ஒரு சொல் வந்துச்சு, கை நின்னுபோச்சு."

"மாமா..."

"நீ என்ன சொன்னீன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்தம்மா உனக்குச் சொன்னது எங்காதுக்கு வந்துருச்சு, அத உங்கிட்டச் சேத்தோணுமல்ல. கேட்டுக்க. இந்த மாதிரி நெனப்பு நெறையாத் தாய்மாருக்கு வருமாமா. சீக்குதானாமா, காச்சல் மாதிரி. செய்யோணும்னு இருக்கறவ இப்படிக் கெடந்து நடுங்கமாட்டாளாமா. நீ பயந்துட்டு ஒதுங்க ஒதுங்க அது இன்னும் பெருசாகுமாமா. டாக்டர் ஒருத்தரையும் பாத்தா நல்லாயிருமாமா. ஆரும் உங்கிட்டருந்து பாப்பாவப் பறிக்கமாட்டாங்கன்னு சொன்னாங்க. அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க."

கோகிலா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். இதுவா, இதையா அந்த உதடு சொல்லிக்கொண்டிருந்தது? நம்பக் கூடாது, மாமா தனக்கு வேண்டியதைக் கோத்துச் சொல்கிறார். ஆனால் மாமாவுக்குக் கோத்துச் சொல்லத் தெரியாது. கடையில் என்ன விலை சொன்னார்களோ அதை அப்படியே வந்து ஒப்பிக்கிற மனுஷர் அவர்.

"நானும் ஒண்ணு சொல்றேன்" என்றார் அவர், குரல் இன்னும் தணிந்துபோயிற்று. "ரிங் பிரேம் ஓடறப்ப பக்கத்துல நின்னுட்டு, இதுக்குள்ள கைய உட்டா என்ன ஆகும்னு நெனப்பேன். வேலைக்குப் போன நாளெல்லாம் நெனச்சிருக்கறேன். உங்க அத்தை இருந்தவரைக்கும் அவகிட்டக்கூடச் சொன்னதில்ல. பைத்தியம்னு சொல்லிப்போடுவாளோன்னு பயம்." பாப்பாவின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்து இவள் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். "பாரு. எல்லா வெரலும் இருக்குது."

பிறகு பாப்பாவை நீட்டினார். கோகிலா ஒரு அடி பின்னால் போனாள். நீங்களே வெச்சுக்கங்க மாமா என்றாள். புடி கண்ணு என்றார். கை நடுங்குது மாமா என்றாள். நடுங்கட்டும், புடி என்று சொல்லி, இவள் கை வந்து சேரும்வரை நீட்டினபடியே நின்றார். பாப்பா கைமாறினாள். கனமாக இருந்தாள், காலையில் பால் கொடுக்கும்போது இல்லாத கனம். மாமா குனிந்து விரலிலிருந்து கயிற்றைக் கழற்றினார், சுருட்டிக் கட்டில்மேல் வைத்தார். டீக்கடைக்குப் போயிட்டு வந்தர்றேன், அவனுங்க நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சிருப்பானுங்க என்றார். மாமா, வேண்டாங்க மாமா, நான் தனியா என்று கோகிலா சொல்லச் சொல்ல அவர் காதிலிருந்து மிஷினைக் கழற்றிக்கொண்டே ஹாலுக்குப் போனார். இனிமேல் கத்தினாலும் கேட்காது. டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

வீட்டில் யாருமில்லை. பால்கனிக் கதவு அங்கேதான் இருக்கிறது, சாவி பருப்புக்குள் இருக்கிறது, கத்தி மேல் அலமாரியில் இருக்கிறது, எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது இவளுக்குத் தெரியும். இதோ வரும், இப்போது வரும் என்று நின்றாள். வந்தது. கையை விட்டால் என்று அதே குரலில் கேட்டது. பாப்பா இவள் தாலிக்கொடியை இழுத்து வாயில் வைத்துச் சப்பினாள். கோகிலா அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். கை விடவில்லை. நடுங்கியபடியே பிடித்துக்கொண்டிருந்தது. கீழே போன் கரகரத்தது, தூரத்திலிருந்து வருகிற மாதிரி முதலில், அப்புறம் பக்கத்தில், எஸ்தர் மேடத்தின் குரல்.

"கோகிலா? இப்ப கேக்குதா உங்களுக்கு? யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. இப்ப கூட யாராவது இருக்காங்களா?"

கோகிலா பாப்பாவைத் திரைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

"இருக்கறாங்க மேடம்" என்றாள். "பாப்பா இருக்கறா. எங்கையில."